ஆர்.வி. வாங்கும்போது சாமான் வைக்க இடமும் புழங்க வசதியும் உள்ள ஃப்ளோர் பிளானை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வருவார்கள். ஆர்.வி., அதாவது படுக்கை, சமையலறை, பாத்ரூம் எல்லாம் உள்ள வீட்டு வண்டி, வாங்கலாம் என்று இருக்கிறோம். சாமான் வைக்க நிறைய இடம் வேண்டும், பெரியவர்கள் சிரமப்படாமல் புழங்கவும் வேண்டும். எந்த ஃப்ளோர் பிளான், அதாவது உள்ளமைப்பு, நல்லது?

பதில்:

டீலர் கடையில் ஆர்.வி.யைக் காட்டும்போது ஸ்லைட் அவுட்களை எல்லாம் வெளியே தள்ளி, எல்லா விளக்கையும் போட்டு, கல்யாண மண்டபம் மாதிரி வைத்திருப்பார்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக அந்த ஸ்லைடை மூடச் சொல்லுங்கள்.

தெரியாதவர்களுக்காக: ஸ்லைட் அவுட் என்பது வண்டி நின்ற பிறகு சுவரோடு சேர்ந்து வெளியே நகரும் பகுதி. சோபாவோ, சாப்பாட்டு மேசையோ, கட்டிலோ அதன்மேல் இருக்கும். வண்டி ஓடும்போது அது உள்ளேதான் இருக்கும். அந்த நிலையில் பாத்ரூம் வரை நடக்க முடிகிறதா, ஃப்ரிட்ஜ் கதவு முழுசாகத் திறக்கிறதா, கட்டிலில் ஒருவர் கால் நீட்டிப் படுக்க முடிகிறதா என்று பாருங்கள். எதிரெதிரே இரண்டு ஸ்லைட் வைத்த வண்டிகள் சிலவற்றில் மூடிவிட்டால் நடுவே ஒரு ஆள்கூட நுழைய முடியாது. நெடுஞ்சாலை ரெஸ்ட் ஏரியாவில் மதியம் தயிர்சாதம் சாப்பிடலாம் என்று நிறுத்துவீர்கள். தயிர் ஃப்ரிட்ஜில் இருக்கும், ஃப்ரிட்ஜ் கதவை சோபா மறித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் லாரி நிற்கும்போது ஸ்லைடைத் திறக்கவும் வழியில்லை.

கம்பெனிக்காரர்கள் சாமான் இடத்தைக் கன அடியில் சொல்வார்கள். அந்த எண்ணை நான் கண்டுகொள்வதே இல்லை. ஒரு பொருளை எடுக்க வேறு எத்தனை பொருளை நகர்த்த வேண்டும், எத்தனை பேரை எழுப்ப வேண்டும் என்பதுதான் என் கணக்கு. இந்தக் கண்ணோடு பார்த்தால், "நிறைய ஸ்டோரேஜ்" என்று விற்கப்படும் வண்டிகளில் பாதி அடிபட்டுப்போகும்.

டைனெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது எதிரெதிர் பெஞ்சுகளும் நடுவே மேசையும். பெஞ்சுக்கு அடியில் பெரிய பெட்டி இருக்கிறது என்று விற்பனையாளர் சொல்வார். மெத்தையைத் தூக்கி, அடியில் உள்ள பிளைவுட் பலகையையும் எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் பம்ப் ஒரு மூலையில் இருக்கும், அதிலிருந்து சிவப்பும் நீலமுமாகக் குழாய்கள் குறுக்கே ஓடும், சக்கரத்தின் மேடு ஒரு பக்கத்தைத் தின்றிருக்கும். மிஞ்சுவதில் நாலு போர்வை வைக்கலாம். அதுவும் மேசையில் யாராவது உட்கார்ந்திருந்தால் எடுக்க முடியாது. பெஞ்சின் பக்கவாட்டிலோ முன்புறத்திலோ கதவு அல்லது டிராயர் இருந்தால் அதே இடத்துக்கு இரட்டிப்பு மதிப்பு. கட்டிலுக்கு அடியிலும் இதே கதைதான்: கேஸ் ஸ்ட்ரட் (கார் டிக்கிக் கதவைத் தாங்குகிற மாதிரித் தண்டு) வைத்து ஒரு கையால் தூக்கும்படி இருக்க வேண்டும். தூக்கின பிறகு அங்கே தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கக் கூடாது. சிங்க்குக்குக் கீழே குழாய் வளைவு, ஃப்ரிட்ஜுக்குக் கீழே ஃபர்னஸ் (ஹீட்டர்) என்று ஒவ்வொன்றும் இடத்தைப் பிடித்திருக்கும். கூச்சப்படாமல் எல்லாக் கதவையும் திறந்துவிடுங்கள்.

ஷோவுக்குப் போகும்போது அளவு டேப்போடு உங்கள் வீட்டின் பெரிய இட்லிப் பாத்திரத்தையும் கொண்டுபோங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற ஊரில் ஒவ்வொரு செப்டம்பரிலும் பெரிய ஆர்.வி. ஷோ நடக்கும். நூற்றுக்கணக்கான வண்டிகளில் ஏறி இறங்கலாம். அங்கே நாங்கள் பாத்திரத்தோடு போனபோது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, மனைவிக்குத்தான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆர்.வி. சமையலறை அமெரிக்கச் சமையலுக்காகச் செய்தது. தலைக்கு மேலுள்ள அலமாரிகள் தட்டையானவை. டப்பா, பாக்கெட் எல்லாம் போகும், அஞ்சு லிட்டர் குக்கர் போகாது. அதற்குக் கீழே ஆழமான டிராயர் ஒன்றாவது இருக்க வேண்டும். கனமான பாத்திரத்தை மேலே வைக்கவும் கூடாது. வண்டி வளைவில் திரும்பும்போது தாழ்ப்பாள் விட்டுக்கொண்டால் நேரே தலையில்தான் விழும்.

இப்போது எடை. இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பிவிட முடியாது. கதவருகே மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ட்ரெய்லர் (காரோ ட்ரக்கோ கட்டி இழுப்பது) என்றால் எத்தனை பவுண்டு சாமான் ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். மோட்டார்ஹோம் (தானே ஓடுவது) என்றால் ஆட்களையும் சேர்த்து எவ்வளவு என்று இருக்கும். விளம்பரத் தாளை விட்டுவிட்டு, நீங்கள் வாங்கும் அதே வண்டியின் ஸ்டிக்கரைப் படியுங்கள். உதாரணத்துக்கு, மொத்தம் 7,000 பவுண்டு வரை போகலாம் என்கிற ட்ரெய்லரின் வெறும் எடை 5,800 என்றால் மிச்சம் 1,200. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 50 கேலன் தொட்டியை நிரப்பினால் 415 பவுண்டு அதிலேயே போய்விடும். மீதியில்தான் பேட்டரி, அரிசி, நாற்காலி, சைக்கிள், துணிமணி எல்லாம். மோட்டார்ஹோமில் ஆறு பேர் ஏறினால் ஆள் எடையே 800, 900 பவுண்டு வரும். முப்பது அடி வண்டி, எங்கு பார்த்தாலும் அலமாரி, ஆனால் ஸ்டிக்கரில் ஆயிரத்துச் சொச்சம்தான் என்றால் அந்த அலமாரிகளில் பாதியைக் காலியாகத்தான் வைத்திருக்க வேண்டும்.

ட்ரெய்லரில் எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்மேல், அதாவது இழுக்கும் வண்டியோடு மாட்டும் இணைப்பின்மேல், இறங்க வேண்டும். பின்பக்கச் சமையலறை உள்ள பிளான் பார்க்க அழகு, மூன்று பக்கமும் ஜன்னல். ஆனால் நம் மளிகைச் சாமான் முழுக்க அச்சுக்குப் பின்னால் சேர்ந்துவிடும். முன்பாரம் குறைந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், அது ஆபத்து. இதற்கு நேர்மாறு முன்பக்கப் பாஸ்த்ரூ, அதாவது வண்டியின் அகலம் முழுக்க இருபக்கமும் கதவு வைத்த பெரிய டிக்கி. அதில் கண்டதையும் திணித்தால் ஹிட்ச் பாரம் கூடி, இழுக்கும் காரின் பின்புறம் தாழ்ந்துவிடும். நம்மவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஹோண்டா ஒடிசி, டொயோட்டா ஹைலேண்டர்தான் நிற்கும். ஒடிசி இழுப்பது 3,500 பவுண்டு. ஹைலேண்டர் பெட்ரோல் வண்டி 5,000, ஹைப்ரிட் 3,500. ஆறு பேருக்கு இடமுள்ள ட்ரெய்லரை இதில் கட்டி இழுப்பதை மறந்துவிடுங்கள், பிக்கப் ட்ரக் வேண்டும்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்று சொன்னீர்கள். அதனால் நான் ட்ரெய்லரைவிட க்ளாஸ் சி மோட்டார்ஹோம் பக்கமே சாய்வேன். வேன் முகப்பு, அதன்மேல் நெற்றி மாதிரி துருத்திய கட்டில், பின்னால் வீடு, அதுதான் க்ளாஸ் சி. ட்ரெய்லருக்குள் ஆள் உட்கார்ந்து வரப் பெரும்பாலான மாநிலங்களில் அனுமதி இல்லை. அம்மாவுக்குப் பாத்ரூம் போக வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, காரிலிருந்து இறங்கி, மழையில் நடந்து, ட்ரெய்லர் படியேற வேண்டும். க்ளாஸ் சியில் ஓரமாக நிறுத்தினால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நாலடி நடந்தால் போதும். பிஃப்த் வீலில், அதாவது பிக்கப் ட்ரக்கின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் பெரிய ட்ரெய்லரில், சாமான் இடம் தாராளம், தரைக்கடியில் அறையே இருக்கும். ஆனால் பெரும்பாலான பிளான்களில் படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் உள்ளேயே இரண்டு மூன்று படி. முழங்கால் வலிக்காரர் ராத்திரி இருட்டில் அந்தப் படியில் இறங்குவதை நினைத்தாலே எனக்குப் பயம்.

அப்பா அம்மாவுக்குக் கொடுக்கும் கட்டில் இருபக்கமும் இறங்க வழியுள்ளதாக இருக்கட்டும். மூலையில் ஒட்டிய கட்டில் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சுவர்ப்பக்கம் படுத்தவர் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆர்.வி. குவீன் என்று சொல்வது பல வண்டிகளில் வீட்டு குவீனைவிடக் குட்டை, 80 அங்குலத்துக்குப் பதில் 74, 75 அங்குலம்தான். அப்பா உயரமானவர் என்றால் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பகலில் சோபா, ராத்திரி கட்டில் என்கிற மர்ஃபி படுக்கை இளசுகளுக்குச் சரி. மத்தியானம் கொஞ்சம் சாயலாம் என்று நினைக்கும் பெரியவருக்கு அது தொல்லை. நெற்றிக் கட்டிலுக்கு ஏணி ஏற வேண்டும், ஆகவே அது பிள்ளைகளுக்கு. அதற்கும் ஓர் எடை வரம்பு உண்டு. ஆறு பேருக்கும் சீட் பெல்ட் இருக்கிறதா என்று தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். "ஆறு பேர் தூங்கலாம்" என்றால் ஆறு பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்று அர்த்தம் இல்லை.

குளியலறையில் டாய்லெட்டும் ஷவரும் ஒரே இடத்தில் இருந்தால் அது வெட் பாத், வேனுக்குள்ளேயே வீடு அமைத்த க்ளாஸ் பி வண்டிகளில் சகஜம். நம் ஊர்க் குளியலறையே அப்படித்தான், அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. குறை என்னவென்றால் அங்கே துண்டு, துணி எதுவும் வைக்க முடியாது, எல்லாம் நனையும். ஆறு பேர் என்றால் ஷவர் தனியாக இருப்பதுதான் சரி. ராத்திரி எல்லோரும் அந்த வழியாகத்தான் போவார்கள் என்பதால், பாத்ரூம் கதவு திறக்கும்போது நடைபாதையை மறிக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளிப்பக்க டிக்கிகள் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. வாசல் கதவு உள்ள பக்கம்தான் கேம்ப்சைட்டில் நீங்கள் உட்காரும் பக்கம். நாற்காலி, பாய், அடுப்பு வைக்கும் டிக்கி அந்தப் பக்கம் இருக்க வேண்டும். டிரைவர் பக்கத்தில் கழிவுநீர், கரண்ட், தண்ணீர் இணைப்புகள் இருக்கும். அங்கே டிக்கிமேல் ஸ்லைட் திறந்தால் ஒவ்வொரு தடவையும் குனிந்து தவழ வேண்டும். கழிவுக் குழாய்க்குத் தனி அறையோ பம்பரில் குழாய்ப் பெட்டியோ கட்டாயம் வேண்டும். ஒரு வண்டியைப் பார்க்கும்போது என் அம்மா கேட்டார்: "ஏண்டா தம்பி, அந்தக் கக்கூஸ் குழாயையும் நாம உக்கார்ற நாற்காலியையும் ஒண்ணாவா போடுவாங்க?" அந்த வண்டி அதோடு முடிந்தது. இன்னொன்று, பல வருடங்களாக ஏகப்பட்ட ஆர்.வி.க்களின் டிக்கிப் பூட்டுக்கு ஒரே சாவிதான், சி.எச். 751 என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். பாஸ்போர்ட், லேப்டாப் எதையும் வெளிப்பக்கம் வைக்காதீர்கள், அல்லது பூட்டை மாற்றிவிடுங்கள்.

செருப்பு. ஆறு பேர், பன்னிரண்டு செருப்பு, அமெரிக்கக் கம்பெனிகள் இதற்கு இடமே வைப்பதில்லை. வாசல் படிக்கு அடியிலோ பக்கத்திலோ ஒரு அடி அலமாரி இருக்கிற பிளான் கண்ணில் பட்டால் ஒரு மதிப்பெண் கூடக் கொடுங்கள். ஊரிலிருந்து வரும் 23 கிலோ சூட்கேஸ்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, துணிகளை மெல்லிய பைகளில் மாற்றச் சொல்லுங்கள். கெட்டிப் பெட்டி எந்த ஆர்.வி. அலமாரியிலும் நுழையாது.

நீளத்துக்கு ஆசைப்படும் முன் போகும் இடத்தையும் பாருங்கள். க்ளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையில், மலையேறும் பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. அந்த மாதிரி இடத்தில் க்ளாஸ் சியை கேம்ப்கிரவுண்டில் விட்டுவிட்டு ஷட்டிலிலோ வாடகைக் காரிலோதான் போக வேண்டும். ட்ரெய்லர்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, கழற்றிவிட்டுப் போய்விடலாம். நான் க்ளாஸ் சி என்று சொன்னதற்கு இது ஒரு நியாயமான எதிர்வாதம்.

பிராண்டைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். நாட்டின் ஆர்.வி.க்களில் பெரும்பகுதி இண்டியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. ஜேகோ, கீஸ்டோன், ஏர்ஸ்ட்ரீம் மூன்றும் தார் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஒரே முதலாளியுடையவை. ஒரே ஃப்ளோர் பிளான் வேறு வேறு பெயரில் வரும். பிளானை முதலில் முடிவுசெய்துவிட்டு அதைச் செய்கிறவர்களைத் தேடுங்கள்.

உங்கள் நிலையில் நான் தேடுவது இது: 28 முதல் 31 அடிக்குள் க்ளாஸ் சி, ஸ்லைட் ஒன்றே ஒன்று, அதுவும் டைனெட் பக்கம், மூடினாலும் நடுவழி திறந்திருக்க வேண்டும். பின்னால் இருபக்கமும் இறங்கும் கட்டில், ஷவர் தனி, வாசல் பக்கம் பெரிய டிக்கி. பிள்ளைகளுக்கு நெற்றிக் கட்டில் இருக்கிறது, நீங்கள் இருவரும் டைனெட்டை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் இதே மாதிரிப் பிளான் ஒன்றை மெமோரியல் டே (மே மாதக் கடைசியில் வரும் விடுமுறை) வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள், அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு. வாடகை ஆயிரம் டாலரைத் தாண்டினாலும் பரவாயில்லை, வாங்கப்போகும் வண்டி லட்சத்தைத் தொடும்.