நிக் டிரேக்கின் வீடு

அன்புள்ள ஐயா,

கொஞ்ச நாளாக இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கின் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வசதியான வீட்டுப் பிள்ளை, 26 வயதில் இறந்துவிட்டார் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. குடும்பம் அவரைப் புரிந்துகொள்ளவே இல்லை, பாட்டில் இருக்கும் தனிமை அங்கிருந்து வந்ததுதான் என்கிறார் என் நண்பர். உண்மையா? அவரை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது நல்லது?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

வசதியான வீடு என்பது சரி. மற்றபடி, கலைஞன் என்றால் வீட்டில் ஒருவருக்கும் அவன் அருமை தெரியாது என்ற வழக்கமான கதையை எடுத்து டிரேக்குக்கும் மாட்டிவிட்டார் உங்கள் நண்பர். இந்த வீட்டுக்கு அது பொருந்தாது.

அப்பா ராட்னி பொறியாளர். பர்மாவில் தேக்கு வெட்டிய பாம்பே பர்மா கம்பெனியில் வேலை. (செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைப் பார்த்தவர்களுக்கு பர்மா தேக்கு எவ்வளவு பெரிய வியாபாரம் என்று சொல்ல வேண்டியதில்லை.) அம்மா மோலி ரங்கூனிலேயே பிறந்தவர். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது தப்பி இந்தியாவுக்கு வந்தார். டெல்லியில் தன் சகோதரியோடு சேர்ந்து அகில இந்திய வானொலியில் பாடினார். மகள் கேப்ரியல் 1944இல் லாகூரில் பிறந்தார், பின்னாளில் நடிகையானார். நிக் பிறந்தது 1948 ஜூனில், ரங்கூனில். அப்போது பர்மா சுதந்திரம் பெற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1950களின் தொடக்கத்தில் குடும்பம் இங்கிலாந்து திரும்பி, வார்விக்‌ஷயரில் டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமத்தில் குடியேறியது.

மோலி வீட்டுப் பியானோவில் உட்கார்ந்து தானே பாட்டுக் கட்டுவார். மேடை ஏறியதில்லை, இசைத்தட்டு போட்டதில்லை. ராட்னி ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி அவற்றையெல்லாம் பதிவு செய்து வைத்தார். அந்தப் பதிவுகள் தனி ஆல்பமாக 2013இல்தான் வந்தன. மோலி இறந்து இருபது வருடம் கழித்து. மகன் பாட்டைக் கேட்டுப் பழகியவர்கள் அதைக் கேட்டால் திடுக்கிடுவார்கள். அதே இறங்குமுகமான ராகப் போக்கு, முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் தள்ளி நிற்கும் அதே ஸ்வரங்கள். டிரேக்கின் தயாரிப்பாளர் ஜோ பாய்டும் இதைத்தான் சொன்னார்: நிக்கின் இசை எங்கிருந்து வந்தது என்பது மோலியைக் கேட்ட பிறகே விளங்கியதாம். மகன் ‘பூர் பாய்’ என்று ஒரு பாட்டு எழுதினார். அம்மாவிடம் ‘பூர் மம்’ என்று ஒன்று இருக்கிறது!

சண்டையே இல்லாத வீடு என்று சொல்லவில்லை. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்த நிக் பட்டம் வாங்காமலே கிளம்பிவிட்டார். கையில் ஒரு டிகிரி இருந்தால் நாளைக்குப் பிடிமானமாக இருக்குமே என்று மன்றாடிய அப்பாவிடம், அந்தப் பிடிமானம்தான் எனக்கு வேண்டாதது என்று சொல்லிவிட்டார். எந்த ஊர் அப்பாவாக இருந்தாலும் அன்று ராட்னி பேசியதைத்தான் பேசியிருப்பார்.

1969க்கும் 1972க்கும் இடையில் மூன்று ஆல்பங்கள். எதுவும் விற்கவில்லை. மனநோய் முற்றி ஊருக்கே திரும்பினார். காரை எடுத்துக்கொண்டு எங்கே என்று இல்லாமல் போவார், பெட்ரோல் தீர்ந்ததும் போன் செய்வார், பெற்றோர் போய் அழைத்து வருவார்கள். அவர் உடம்பும் மனமும் எப்படி இருந்தன என்று ராட்னி டைரியில் எழுதிவந்தார். வீடு பிடிக்கவில்லை, ஆனால் வேறெங்கும் இருக்க முடியவில்லை என்று மகன் சொன்னதை மோலி பிறகு நினைவுகூர்ந்தார். 1974 நவம்பரில் அந்த வீட்டில்தான் நிக் இறந்தார். தற்கொலை என்று மரண விசாரணையில் முடிவானது.

ஆக, தனிமை இருந்தது. வீட்டார் மேல் அந்தப் பழியைப் போட இடமில்லை. நோயை நோய் என்று சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று தெரியவில்லை. மகன் இறந்த பிறகு அவர் பாட்டைத் தேடி வீட்டுக்கே வந்த இளைஞர்களை மோலியும் ராட்னியும் உள்ளே அழைத்துப் பேசினார்கள், மகன் வீட்டில் பதிவு செய்தவற்றையும் கொடுத்தார்கள்.

எதில் தொடங்குவது? பலரும் நிக்கின் ‘பிங்க் மூன்’ ஆல்பம் என்பார்கள். அரை மணி நேரம்கூட ஓடாது, கிதாரும் குரலும், ஓர் இடத்தில் கொஞ்சம் பியானோ, அவ்வளவுதான். ஆனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மோலியின் ஆல்பத்தைக் கேளுங்கள், அப்புறம் 1969இல் வந்த நிக்கின் ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’. கேட்டுவிட்டு நண்பருக்கும் அனுப்புங்கள்.