பெரிய கேமராவா, பாக்கெட் கேமராவா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நான்கு வருடமாக ஒரு ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவும் (பெரிய சென்சார் உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய வகை) 24-70 மி.மீ. எஃப்/2.8 ஜூம் லென்ஸும் வைத்திருக்கிறேன். தொழிலுக்கு இல்லை, ஆசைப்பட்டு வாங்கியது. ஆரம்பத்தில் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது அது அலமாரியை விட்டு வெளியே வருவதே அபூர்வம். மகளுக்கு மூன்று வயது. ஒரு கையில் அவள், தோளில் அவளுடைய பை, இதில் கேமராப் பையும் என்றால் முடியவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டு, பாக்கெட்டில் வைக்கிற மாதிரி நல்ல காம்பாக்ட் கேமரா ஒன்று வாங்கிவிடலாமா? படத்தின் தரம் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: விற்பதைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, இந்த நான்கு வருடத்தில் எடுத்ததில் உங்களுக்கே ரொம்பப் பிடித்த நூறு படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். ஊரார் பாராட்டிய படங்கள் வேண்டாம், நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிற படங்கள் போதும். ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் அது எப்படி எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகியிருக்கும்: குவியத் தூரம் (மி.மீ. கணக்கு, எண் கூடினால் காட்சி நெருங்கி வரும்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்), ஐஎஸ்ஓ (வந்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்குவது என்பது, கூடினால் படத்தில் புள்ளிகளும் கூடும்). லைட்ரூம் மாதிரி மென்பொருள் இருந்தால் குவியத் தூரத்தை வைத்தே பிரித்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் கணினியில் கோப்பின் விவரங்களைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

நூறில் பெரும்பாலானவை 24-க்கும் 40 மி.மீ.-க்கும் நடுவில், பகல் வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ 800-க்குள் எடுத்தவை என்றால் காம்பாக்ட் உங்களுக்குப் பொருந்தும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாதிக்கு மேல் வீட்டுக்குள், 70 மி.மீ. முனையில், எஃப்/2.8-இல், ஐஎஸ்ஓ 3200-ஐத் தாண்டி எடுத்தவை என்றால் சின்ன சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) உள்ள காம்பாக்ட் உங்களை ஏமாற்றும். மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் படங்கள் இரண்டாவது வகையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு விளக்கு எரிகிற சாதாரண அறை, குழந்தை ஓடுகிறது. உருவம் கலங்காமல் வர ஷட்டர் வேகம் 1/250 நொடியாவது வேண்டும். அந்த வெளிச்சத்தில் எஃப்/2.8 வைத்தால் ஐஎஸ்ஓ 3200 பக்கம் வரும், ஃபுல் ஃப்ரேம் சென்சாருக்கு இது பெரிய சிரமம் இல்லை. அதே அறையில் ஒரு அங்குல வகை சென்சார் (பெயர்தான் அங்குலம், உண்மையில் அதைவிடச் சின்னது) உள்ள ஜூம் காம்பாக்டை எடுத்துக்கொள்ளுங்கள். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-இன் லென்ஸ் எஃப்/2.8-இல் ஆரம்பித்து, ஜூமை நீட்ட நீட்ட எஃப்/4.5 வரை சுருங்கிவிடும். ஐஎஸ்ஓ இப்போது 8000 ஆகிறது. அதோடு முடியவில்லை. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36 × 24 மி.மீ., ஒரு அங்குல வகையின் அளவு 13.2 × 8.8 மி.மீ., பரப்பில் ஏழில் ஒரு பங்குதான். வெளிச்சம் விழும் இடமே அவ்வளவு குறைவு என்பதால், அந்தச் சின்ன சென்சாரில் ஐஎஸ்ஓ 8000 என்பது கணக்குப்படி ஃபுல் ஃப்ரேமில் 60,000 வைத்து எடுத்ததற்குப் பக்கத்தில் போய் நிற்கும். குழந்தையின் முகத்தில் தோல் தெரியாது, புள்ளிகளும் அவற்றை அழிக்க கேமரா பூசிய மெழுக்கும்தான் தெரியும். இன்றைக்கு மென்பொருளால் இதை நிறையவே சரிசெய்ய முடிகிறது, ஆனாலும் இல்லாத விவரத்தை அது ஊகித்துத்தான் போடுகிறது. உங்கள் மகளின் கண்ணிமையை யாரும் ஊகித்துப் போட வேண்டாம் என்பது என் கட்சி.

பின்னணி மங்கலாக விழும் அழகும் இதே கணக்குதான். ஒரு அங்குல சென்சாரில் எஃப்/2.8 என்பது, பின்னணி மங்குவதைப் பொறுத்தவரை ஃபுல் ஃப்ரேமில் ஏறக்குறைய எஃப்/7.6. உருவப்படத்தில் முகத்துக்குப் பின்னால் இருக்கும் துணிக்கொடியும் ஜன்னல் கம்பியும் நன்றாகவே தெரியும்.

சரி, இப்போது எடையைப் பார்ப்போம், உங்கள் உண்மையான தொல்லை அதுதானே. உதாரணத்துக்கு சோனி ஏ7 மார்க் 4 உடம்பு, பேட்டரியும் கார்டும் சேர்த்து 658 கிராம். அதே நிறுவனத்தின் புதிய 24-70 எஃப்/2.8 லென்ஸ் 695 கிராம். பாருங்கள், லென்ஸ்தான் கேமராவைவிட கனம்! கழுத்து வலிக்கிறதே என்று எல்லோரும் கேமராவைத் திட்டுகிறோம், வலியில் பாதிக்கு மேல் அந்த ஜூமிலிருந்து வருகிறது. ஜூமைக் கழற்றி வைத்துவிட்டு 173 கிராம் உள்ள 40 மி.மீ. எஃப்/2.5 லென்ஸை மாட்டினால் மொத்தமே 831 கிராம். நிக்கானில் 40 மி.மீ. எஃப்/2 லென்ஸ் 170 கிராம், கேனானில் தட்டையான 28 மி.மீ. எஃப்/2.8 வெறும் 120 கிராம். கேமராப் பை என்று தனியாக ஒன்று இல்லாமல், மகளுடைய பைக்குள்ளேயே ஒரு துணியில் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம். குவியத் தூரத்தை மாற்ற முடியாது, நீங்கள்தான் நடக்க வேண்டும். ஆனால் சென்சார் அதே சென்சார், ஓடுகிற குழந்தையின் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடாத அந்த ஃபோகஸும் அதேதான். காம்பாக்ட் வாங்கினால் நீங்கள் முதலில் தேடப்போவது அந்த ஃபோகஸைத்தான்.

அதனால் என் யோசனை இது: கேமராவை இப்போது விற்காதீர்கள், அந்தப் பெரிய ஜூமை மட்டும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சின்ன லென்ஸை இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஒரு மாதம் அதை மட்டுமே பயன்படுத்துங்கள்.

அப்படியும் கேமரா அலமாரியிலேயே இருந்தால், சரி, காம்பாக்ட்தான் உங்களுக்கு, தயங்காமல் மாறுங்கள். கையில் இல்லாத கேமராவின் சென்சார் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்? ஆனால் அப்போதும் ஒரு அங்குல ஜூம் பக்கம் போகாமல், ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சாரும் ஒரே குவியத் தூரமும் உள்ளதாகப் பாருங்கள். ஏபிஎஸ்-சி பரப்பில் ஒரு அங்குல வகையைப் போல மூன்று மடங்கு. ரிக்கோ ஜிஆர் 3 பேட்டரியோடு 257 கிராம்தான், சட்டைப் பைக்குள்ளேயே போய்விடும். ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையில் 2024-இல் வந்த ஆறாவது கேமரா 521 கிராம், சட்டைப் பைக்குள் போகாது, ஆனால் எஃப்/2 லென்ஸும் கண்ணை வைத்துப் பார்க்க நல்ல வியூஃபைண்டரும் உண்டு. ஜிஆரில் வியூஃபைண்டரே கிடையாது, நல்ல வெயிலில் திரையைப் பார்ப்பது சிரமம், பேட்டரியும் நிறுவனக் கணக்குப்படியே சுமார் 200 படம்தான் தாங்கும். மங்கிய வெளிச்சத்தில் அதன் ஃபோகஸ் தடுமாறும் என்பதும் வைத்திருப்பவர்கள் பரவலாகச் சொல்லும் குறை.

அதற்கு மாற்றாக ஜிஆரில் இருக்கும் ஒரு வசதி எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்னாப் ஃபோகஸ் என்பார்கள். ஃபோகஸை முன்கூட்டியே, உதாரணமாக 2 மீட்டரில் நிறுத்தி வைத்துவிடலாம். அப்பர்ச்சரை எஃப்/5.6-இல் வைத்தால் ஏறக்குறைய 1.2 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை எல்லாமே போதிய தெளிவோடு வரும். கேமரா எதையும் தேடுவதில்லை, அழுத்தினால் அந்த நொடியே படம். தெருவில் படம் எடுப்பவர்கள் இதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா ஃபிலிம் காலத்திலிருந்தே ஜிஆர் கேமராக்களோடுதான் தெருத்தெருவாக நடந்தவர். பகல் வெளிச்சத்தில் குழந்தையைத் துரத்துவதற்கும் இது அருமையாக வேலை செய்யும், இரவில் வீட்டுக்குள் எஃப்/5.6 கட்டுப்படியாகாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெரிய லென்ஸைத் தூக்கி நீட்டினால் குழந்தைகளுக்குப் பழகிவிடும், பெரியவர்களுக்குப் பழகாது. தாத்தா பாட்டி உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள், பேச்சு நின்றுவிடும். கையளவு கேமராவுக்கு அந்தத் தொல்லை இல்லை, பேசிக்கொண்டே எடுக்கலாம். ஜிஆர், எக்ஸ்100 இரண்டிலும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தமும் கேட்டும் கேட்காததுமாகத்தான் இருக்கும். படத்தின் தரம் என்று நாம் பேசும்போது இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன்.

கேள்வி: என் போனில் 50 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது. 20 மெகாபிக்சல் காம்பாக்ட் வாங்கி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

பதில்: மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். 50 என்று எழுதியிருக்கும் போன்கள் பெரும்பாலும் நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 சொச்சமாகத்தான் படத்தைத் தருகின்றன, அது நல்லதும்கூட. போன் ஒரே அழுத்தில் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுத்தம் செய்கிறது. அசையாத காட்சிக்கு இது பிரமாதம், மலை, கட்டடம், மேசைமேல் இருக்கும் பொருள் எதுவானாலும் சில நேரம் காம்பாக்டையே மிஞ்சிவிடும். அசைகிற கை, ஓடுகிற நாய் என்று வந்தால்தான் அடுக்கியது பொருந்தாமல் ஓரம் கலைந்து நிற்கும். 2022-இல் வந்த ஷாவ்மி 12எஸ் அல்ட்ரா போன்ற சில போன்களில் ஒரு அங்குல வகை சென்சாரே இருக்கிறது, ஆகவே சென்சாருக்காக மட்டும் அதே அளவு காம்பாக்டை வாங்குவதில் அர்த்தம் குறைந்துவிட்டது. நிஜமான ஜூம் வேண்டும், முகத்தைத் தெளிவாக்கும் ஃப்ளாஷ் வேண்டும், அழைப்பும் அறிவிப்பும் குறுக்கே வராத ஒரு கருவி வேண்டும் என்றால் வாங்குங்கள். போனில் எடுத்ததைப் போனிலேயே பார்த்துப் போனிலேயே அனுப்புகிறவர் என்றால் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: நண்பர்கள் வீட்டு விழாக்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்து வந்தேன், இப்போது கூலிக்கும் கூப்பிடுகிறார்கள். நல்ல காம்பாக்டே போதும் என்கிறான் தம்பி. போதுமா?

பதில்: போதாது. தொழில்முறை மிரர்லெஸ் கேமராக்களில் இரண்டு கார்டு இடம் இருக்கும். ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாகும்படி வைத்துக்கொள்ளலாம், ஒரு கார்டு செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். காம்பாக்ட்களில் பெரும்பாலும் ஒரே இடம்தான். அடுத்தவரின் விழாவை இரண்டாம் முறை நடத்தச் சொல்ல முடியாது, இந்த ஒரு காரணமே போதும் எனக்கு. அப்புறம் லென்ஸ் பழுதானால் மிரர்லெஸ்ஸில் வேறு மாட்டலாம், காம்பாக்டில் கேமராவே போச்சு. சென்சாரில் தூசி விழுந்தாலும் இதே கதை, மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றிக் காற்றூதியால் ஊதிவிடலாம், காம்பாக்டைப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும், அதை வீட்டில் செய்யக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சத்தமில்லாமல் எடுக்கலாம் என்று மிரர்லெஸ்ஸில் எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான கேமராக்களில் அது படத்தை வரிவரியாகப் படிக்கிறது, மண்டபத்து எல்இடி விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் விழுந்துவிடும். விளக்கு அலங்காரம் பலமாக இருக்கும் இடத்தில் மெக்கானிக்கல் ஷட்டரே வையுங்கள்.

கேள்வி: என்னிடம் இருக்கும் பணத்துக்குப் புதிய காம்பாக்டும் வாங்கலாம், சில வருடம் பழைய ப்ரொஃபெஷனல் மிரர்லெஸ்ஸும் கிடைக்கிறது. எதை எடுக்க?

பதில்: பழைய மிரர்லெஸ் என்பதற்காகத் தயங்க வேண்டாம். 2017-இல் வந்த சோனி ஏ9 நொடிக்கு 20 படம் எடுத்தது, இன்றைக்கும் விளையாட்டு, பறவை எதற்கும் அது தாராளமாகப் போதும். படத்தின் தரம் நாம் நினைக்கிற வேகத்தில் பழசாவதில்லை. லென்ஸுக்கும் பணம் ஒதுக்க முடிகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். உடம்பை வாங்கிவிட்டு ஒரு வருடம் லென்ஸுக்குக் காத்திருப்பதானால் காம்பாக்டே மேல்.

வாங்குமுன் கேமராவைக் கையில் எடுத்து, அப்பர்ச்சரை எஃப்/16-க்குக் குறைத்து, ஒரு வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அநேகமாகத் தூசி, போய்விடும். கோடு தெரிந்தால் கீறல், வாங்காதீர்கள். ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸ் வளையத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று மெல்லத் திருகிப் பாருங்கள். பிறகு லென்ஸைத் தனியாகக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாக உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் கிளை பிரிந்து படர்ந்திருந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.