தாடை இறுகும்போதே கவனியுங்கள்

எனக்கு 4, 7 வயதில் இரண்டு பிள்ளைகள். மாலையானால் சின்ன விஷயத்துக்கும் கத்துகிறேன். நேற்று பால் கொட்டியதற்குக் கை ஓங்கிவிட்டேன். இது வெறும் கோபம்தானா?

கொட்டிய பாலுக்கு அவ்வளவு கோபம் வராது. காலையிலிருந்து சேர்ந்தது அந்த நேரத்தில் வெடித்திருக்கிறது. கத்தல் வருவதற்கு வெகுநேரம் முன்பே உடம்பு சொல்லிவிடும்: பற்கள் ஒன்றையொன்று அழுத்தும், தோள்கள் காதை நோக்கி ஏறும், மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். பிள்ளை மூன்று முறை கூப்பிட்டும் காதில் விழாது. அடுப்பில் வைத்தது மறந்துபோகும்.

ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எரிச்சல் வந்த நேரம், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், உடம்பில் எங்கே இறுகியது. பெரும்பாலும் ஒரே நேரம் திரும்பத் திரும்ப வரும். அந்த அரை மணி நேரத்தில் இருக்கும் வேலைகளில் ஒன்றையாவது வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். வீட்டுப்பாடத்தைச் சாப்பாட்டுக்குப் பின் தள்ளினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

தாடை இறுகியது தெரிந்ததும் 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். பத்து முறை செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. பலர் தவறுவது இங்கேதான்: வேகவேகமாகப் பெரிய மூச்சாக இழுப்பார்கள், தலை சுற்றும், 'இதெல்லாம் சரிவராது' என்று விட்டுவிடுவார்கள். இதயத்துடிப்பைத் தணிப்பது நீளமாக வெளிவிடும் மூச்சு. தினமும் அமைதியாக இருக்கும்போதே பழகுங்கள். கோபம் உச்சியில் இருக்கும்போது புதிதாக எதுவும் கைகூடாது.

கத்திய பிறகு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடாதா?

போகாது. இருவரும் அடங்கிய பிறகு, அதன் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, "அம்மா கத்தினது தப்பு. பால் கொட்டினா துடைச்சுக்கலாம்" என்றால் போதும். "ஆனா நீயும்..." என்று தொடங்கினால் மன்னிப்பு குற்றச்சாட்டாகிவிடும்.

ஆறு வாரக் குழந்தை, இரவெல்லாம் அழுகிறது. தூக்கி உலுக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயமே நல்ல எச்சரிக்கை. ஒருபோதும் உலுக்காதீர்கள்; மூளையில் இரத்தக்கசிவு ஏற்படும், உயிருக்கே ஆபத்து. பசி, ஈரத்துணி, காய்ச்சல் மூன்றையும் பாருங்கள். அவை இல்லையென்றால் தலையணை, போர்வை இல்லாத தொட்டில் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு 5 முதல் 10 நிமிடம் வெளியே நில்லுங்கள். பிறகு போய்ப் பாருங்கள். காய்ச்சல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அழுகை பொதுவாக இந்த வயதில்தான் உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் குறையும்.

கணவர் கேட்டதையெல்லாம் செய்கிறார். ஆனாலும் பாரம் குறையவில்லையே?

கேட்க வேண்டியிருப்பதுதான் பாரம். தடுப்பூசிக்குக் கூட்டிப்போவதை மட்டும் அவரிடம் கொடுத்தால், தேதியை நினைவில் வைப்பது உங்களிடமே இருக்கும். தேதி, அட்டை, அன்றிரவுக் காய்ச்சல் வரை முழு வேலையையும் ஒப்படையுங்கள். அவர் முறையில் செய்யட்டும், திருத்தாதீர்கள்.

ஓய்வெடுத்தும் அலுப்பு தீரவில்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

பெல்ஜியத்தின் இசபெல் ரோஸ்கம், மொய்ரா மிகோலைசாக் ஆகிய ஆய்வாளர்கள் பெற்றோர் சோர்வுக்கு நான்கு அடையாளங்களைச் சொல்கிறார்கள்: தீராத களைப்பு, பிள்ளை வளர்ப்பே சலித்துப்போவது, பிள்ளையிடம் மனம் ஒட்டாமல் கடமைக்குச் செய்வது, 'முன்பு நான் இப்படி இல்லையே' என்ற எண்ணம். அலுப்போ மனச்சோர்வோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள், இவையும் இதே அலுப்பைத் தரும். உங்களையோ பிள்ளையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் அன்றைக்கே போங்கள். தனியாக அல்ல, ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு.