சின்னம்மைக்கும் 21 நாள், முட்டைக்கும் 21 நாளா?

கேள்வி: வீட்டு இன்குபேட்டரில் வைத்த கோழிமுட்டைகள் 21ஆம் நாள் பொரிந்தன. இப்போது இரண்டு நாளாக மூத்த மகளுக்குச் சின்னம்மை. அதற்கும் ‘இன்குபேஷன் 21 நாள்’ என்கிறார்கள். குஞ்சுகளிடமிருந்து வந்திருக்குமா? தடுப்பூசி போடாத 4 வயது மகனுக்கு என்ன செய்வது?

பதில்: குஞ்சுகள் காரணமல்ல. சிக்கன் பாக்ஸ் என்ற பெயரில்தான் கோழி இருக்கிறது. வேரிசெல்லா சோஸ்டர் என்ற அந்தக் கிருமி மனிதரிடமிருந்தே மனிதருக்குத் தொற்றும்.

முட்டையை 37.5 டிகிரி செல்சியஸில் நிலையாக வைப்பதால் குஞ்சு ஏறக்குறைய சொன்ன நாளில் வெளிவருகிறது. நோயில் இன்குபேஷன் என்பது கிருமி உடலில் புகுந்ததிலிருந்து முதல் அறிகுறி தெரியும்வரை உள்ள இடைவெளி. தமிழில் நோயரும்பு காலம். சின்னம்மைக்கு அது 10 முதல் 21 நாள், பெரும்பாலும் 14 முதல் 16. ஆக 21 என்பது கடைசி எல்லைதான். குறைமாதக் குழந்தையை வைக்கும் பெட்டிக்கும் இன்குபேட்டர் என்றே பெயர். அங்கே முக்கிய வேலை உடல்சூட்டைக் காப்பது.

பலரும் தவறுவது நாளைக் கணக்கிடுவதில். கொப்புளம் தெரிவதற்கு 1-2 நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பரவும். மகளுக்கு 3ஆம் தேதி கொப்புளம் தெரிந்து, 9ஆம் தேதி எல்லாம் காய்ந்தன என்று வையுங்கள். தம்பிக்கு 1ஆம் தேதியே தொற்றியிருக்கலாம், 9ஆம் தேதியும் தொற்றியிருக்கலாம். எனவே 11 முதல் 30ஆம் தேதிவரை கவனிக்க வேண்டும்.

அவனுக்கு இன்றே தடுப்பூசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். தொற்றுக்கு ஆளான 3 நாளுக்குள், அதிகம் போனால் 5 நாளுக்குள் போட்டால், நோயைத் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ முடியும். நீங்கள் தாமதிக்கக் கூடாத இடம் இதுதான். வீட்டில் அம்மை வராத கர்ப்பிணி இருந்தால் அவரும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும்; ஆஸ்பிரின் கூடவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரக்கூடும்.

குஞ்சுகளிடம் பயப்பட வேண்டியது வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு. பார்க்க நலமாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் அது இருக்கும். 5 வயதுக்குட்பட்டவர்கள் குஞ்சைத் தொடாமல் இருப்பதே நல்லது. தொட்டுவிட்டால் சோப்புப் போட்டு 20 விநாடி கைகழுவ வேண்டும். இன்குபேட்டரைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். சால்மொனெல்லாவின் நோயரும்பு காலம் 6 மணி நேரம் முதல் 6 நாள். அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், வீட்டில் குஞ்சுகள் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.