திருகோணமலையில் உள்ள பெற்றோரின் வீட்டுக்கு வயர்லெஸ் ஸ்மார்ட் சுவிட்ச்: எதைத் தேர்வது?

கனடாவில் வசிக்கும் நீங்கள், உவர்மலையில் அம்மாவும் அப்பாவும் இருக்கும் பழைய வீட்டின் விளக்குகளைக் கைத்தொலைபேசியிலிருந்தும் இயக்கக்கூடியவாறு மாற்ற விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். சுவிட்ச்களைக் கனடாவிலேயே வாங்கி அனுப்பலாமா என்றும், வைஃபை வகையா, தனி மையக் கருவி வழியாக வீட்டுக் கருவிகளை வானொலி அலையால் இணைக்கும் சிக்பீ வகையா நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் உப்புவெளியில் வசிக்கிறேன். எங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருப்பதால் இந்த விடயத்தை அக்கறையோடு பார்த்து வந்திருக்கிறேன்.

தயவுசெய்து அங்கிருந்து வாங்கி அனுப்ப வேண்டாம். வட அமெரிக்கச் சுவர்களுக்கான சுவிட்ச்கள் பெரும்பாலும் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கென ஆக்கப்பட்டவை. இலங்கையில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 120 வோல்ட் மட்டுமே தாங்கும் கருவியை இங்கே பொருத்தினால் அது பழுதாவதோடு நிற்காமல் சுவருக்குள்ளேயே தீப்பற்றவும் கூடும். சுவருக்குள் சுவிட்ச் பொருத்தும் பெட்டி அங்கே ஒடுங்கிய நீள்சதுரம், இங்குள்ளது பிரித்தானிய முறையிலான சதுரம் என்பதால் வடிவமும் பொருந்தாது. இலண்டனில் உறவினர் இருந்தால், அங்கே விற்கப்படும் சுவிட்ச்கள் மின்னழுத்தத்திலும் பெட்டியின் அளவிலும் நம் வீடுகளுக்கு ஒத்துவரும்.

வைஃபையா சிக்பீயா என்பதைத் தீர்மானிப்பதற்கு முன், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, சுவரில் உள்ள ஒரு சுவிட்சைக் கழற்றி உள்ளே எந்தெந்தக் கம்பிகள் வந்திருக்கின்றன என்று ஒரு மின்னியலாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். சாதாரண சுவிட்ச் உயிர்க்கம்பியை இணைப்பதும் துண்டிப்பதும் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்பதால், பழைய வீடுகளில் நொதுமல் கம்பி, அதாவது கடைகளில் நியூட்ரல் என்று சொல்லப்படுவது, சுவிட்ச் பெட்டிக்கு வராமல் கூரைப் பக்கமாக நேரே விளக்குக்குச் சென்றிருக்கும். ஸ்மார்ட் சுவிட்சின் உள்ளே இருக்கும் வானொலிப் பகுதியோ விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருக்க வேண்டியது; அதற்கு இடைவிடாத மின்சாரம் தேவை, அந்த மின்சாரம் திரும்பிச் செல்ல நொதுமல் கம்பியும் தேவை. நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. பழைய வயரிங்கில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல் என்பதே முறை என்றாலும், சுவிட்சிலிருந்து விளக்குக்குத் திரும்பும் கம்பியாகக் கறுப்பைப் பயன்படுத்தியிருப்பதும் உண்டு. ஆகவே சோதனைக் கருவியால் அளந்து பார்ப்பதே சரி.

நொதுமல் இல்லாத இடத்தில், பெட்டியில் உள்ள புவிக்கம்பியை அதற்குப் பதிலாக இணைத்துவிடலாம் என்று எவராவது சொன்னால், அவரை அந்த வேலைக்கு விட வேண்டாம். சுவிட்ச் இயங்கும், உங்கள் கைத்தொலைபேசியிலும் விளக்கு எரிவதாகக் காட்டும். ஆனால் ட்ரிப் சுவிட்ச் காரணம் தெரியாமல் அடிக்கடி விழத் தொடங்கலாம், அதைவிட மோசமாக, புவி இணைப்பு எங்கேனும் அறுந்தால் குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றின் உலோக உடலில் மின்சாரம் நிற்கும். பெற்றோர் தொடும் பொருட்கள் அவை.

நொதுமல் இல்லாவிட்டால் மூன்று வழிகள் உண்டு. வீடு எப்படியும் திருத்தப்படவிருந்தால் புதிய கம்பி இழுத்துவிடுவதே சிறந்தது. அது முடியாவிட்டால், நொதுமல் தேவையில்லாத சுவிட்ச்கள் கிடைக்கின்றன. அவை விளக்கின் ஊடாகவே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி உயிர்வாழ்பவை. 3 அல்லது 5 வாட் எல்ஈடி குமிழ்களில் அந்தச் சிறு ஓட்டமே குமிழை மங்கலாக எரியவோ மினுங்கவோ செய்துவிடும் என்பதால், குமிழுக்குச் சமாந்தரமாக ஒரு சிறிய கொள்ளளவியை (கெப்பாசிட்டர்) பொருத்த வேண்டி வரும். பல உற்பத்தியாளர்கள் அதைச் சுவிட்சோடு சேர்த்தே தருகிறார்கள். மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: சிலிங் அடித்த வீடாக இருந்து, மேலே விளக்கின் அருகில் உயிர்க்கம்பியும் நொதுமலும் வந்திருந்தால், கட்டளை வரும்போது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும், தீப்பெட்டி அளவேயான ஒரு ரிலே மொட்யூலை அங்கே வைத்து, சுவரில் இருக்கும் பழைய சுவிட்சை அதற்குக் கட்டளையிடும் விசையாக மட்டும் விட்டுவிடலாம். கொங்கிரீற் பிளேட் போட்ட வீட்டில் இதற்கு இடம் கிடைக்காது.

பெற்றோர் வசிக்கும் வீட்டுக்கு நான் பார்க்கும் முதல் தகுதி, இணையம் இல்லாதபோதும், ரவுட்டர் பழுதானபோதும், கைத்தொலைபேசி கையில் இல்லாதபோதும், சுவரில் கை வைத்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதே. இந்தத் தகுதி இல்லாத எதையும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்மார்ட் குமிழ்களை வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்: அப்பா பழக்கப்படி சுவரில் அணைத்துவிட்டால் அந்தக் குமிழை உங்களால் அங்கிருந்து எழுப்பவே முடியாது. கண்ணாடித் தொடுபலகைகளைவிட, விரலுக்கு அழுத்தம் தெரியும் சாதாரண விசையே இருளில் முதியவர்களுக்கு உதவுகிறது; ரிலே மொட்யூலை நான் விரும்புவதற்கு இதுவும் காரணம். கட்டிலருகில் இன்னொரு விசை தேவைப்பட்டால், விரல் கொடுக்கும் அழுத்தத்திலிருந்தே மின்சாரம் பெறும் மின்கலமற்ற வயர்லெஸ் பொத்தானைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். சுவரை வெட்ட வேண்டியதில்லை, மின்கலம் மாற்றும் கவலையும் இல்லை. வாங்கும்போது அது மொட்யூலோடு பொருந்துமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. நான்கைந்து விளக்குகள் மட்டும் என்றால் வைஃபை போதும். தனி மையக் கருவி தேவையில்லை. இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டுமே இணையும் என்பதால், இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் தரும் ரவுட்டர்களில் முதல் இணைப்பின்போது சிக்கல் வரலாம். வீடு முழுவதும் மாற்றுவதென்றால் சிக்பீயே பொருத்தம். அங்கே நொதுமல் இணைக்கப்பட்ட ஒவ்வொரு சுவிட்சும் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்துவதால், தடித்த சுவர்களைக் கொண்ட வீட்டின் பின்பக்கக் குசினி வரை அலை சென்று சேரும். நொதுமல் இல்லாத வகைகள் பெரும்பாலும் இப்படிக் கடத்துவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். சிக்பீயும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸில் இயங்குவதால், வைஃபை 1 ஆம் தடத்தில் (சனல்) இருந்தால் சிக்பீயை 25 ஆம் தடத்தில் வைப்பது நல்லது. 2022 ஒக்டோபரில் வெளிவந்த மேட்டர் தரத்துக்கு ஏற்றவை கிடைத்தால் அவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் வீட்டுக்குள்ளேயே, வெளிநாட்டுச் சேவையகத்தைத் தொடாமல், ஒன்றோடொன்று பேசுவதற்காகவே அது உருவாக்கப்பட்டது. வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்க உதவும் ஹோம் அசிஸ்டன்ட் சிறந்த மென்பொருள்தான், எனினும் அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் இல்லாதபோது ஆயத்தமாக விற்கப்படும் மையக் கருவியையே வாங்குங்கள்.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். மின்சாரம் திரும்பும்போது சுவிட்ச் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு செயலியில் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். 'முன்பிருந்த நிலை' என்பதையோ 'அணைந்த நிலை' என்பதையோ தெரிவு செய்யாவிட்டால் நள்ளிரவில் வீடு முழுவதும் ஒளிர்ந்து பெற்றோரின் தூக்கம் கெடக்கூடும். வீட்டில் இன்வேட்டர் இருந்தால் ரவுட்டரையும் மையக் கருவியையும் அதிலேயே இணைக்கச் சொல்லுங்கள்.

நம் ஊர் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்தது. உப்புக் காற்றும் வடகீழ்ப் பருவ மழையும் வெளிச்சுவரில் உள்ள இணைப்புகளை விரைவாகத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், படலை விளக்குக்கான மொட்யூலை வெளியே வைக்காமல் விறாந்தையின் உட்பக்கத்தில் வைத்து, அங்கிருந்து கம்பியை மட்டும் வெளியே கொண்டு செல்லுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாத இடிமின்னல் இந்த நுண்ணிய கருவிகளைச் சாதாரண சுவிட்ச்களைவிட எளிதில் பாதிக்கும். மெயின் பலகையில் மின்னெழுச்சிக் காப்புக் கருவி ஒன்றைப் பொருத்தினால் அந்த ஆபத்து குறையும். மின்விசிறியை விளக்கு மங்கலாக்கும் சுவிட்சோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது. அதற்கென ஆக்கப்பட்ட விசிறிக் கட்டுப்படுத்தி வேண்டும், இல்லையேல் பழையபடியே விட்டுவிடுங்கள்.

செயலியின் கணக்கை உங்கள் கனடா இலக்கத்தில் திறக்காமல் அப்பாவின் பெயரில், இலங்கையைப் பிரதேசமாகத் தெரிவு செய்து திறந்து, உங்களை அதில் பகிரப்பட்ட உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லுங்கள். பிரதேசம் மாறினால் சில செயலிகளில் கருவிகளை மீண்டும் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டி வரும். முதலில் விறாந்தை விளக்கு ஒன்றை மட்டும் மாற்றி, அம்மாவும் அப்பாவும் அதனுடன் சில வாரங்கள் பழகிய பிறகு மற்ற அறைகளுக்குச் செல்லலாம். சுவிட்ச் பெட்டியைத் திறந்ததும் எடுக்கும் படத்தை இங்கே இணைத்தால், எந்த வகை பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.