பின்கட்டில் இரண்டு இலை

அன்புள்ள ஐயா,

பதினோரு வருடமாக சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிறேன். என் பையனுக்குப் பத்து வயது, அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் உயிர். அவன் கேட்ட ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் 1951-ம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியைப் பற்றிப் படித்தேன். ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. அணியில் இருந்த இரண்டு கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வந்தால் தெற்கே நடக்கும் பௌல் ஆட்டத்துக்கு அழைக்கிறோம் என்றார்களாம். இவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த ஆட்டத்தால் வந்திருக்கும் பணமும் வராமல், அந்த வருடத்தோடு அணியையே கலைத்துவிட்டார்கள்.

இது உணர்ச்சிவசப்பட்டு எடுத்த முடிவு இல்லையா? அந்த இருவரிடம் கேட்டிருந்தால் “நீங்கள் போய் ஆடுங்கள்” என்றுதான் சொல்லியிருப்பார்கள். போயிருந்தால் அணி பிழைத்திருக்கும். பின்னால் வந்த கறுப்பின மாணவர்களுக்கும் இடம் கிடைத்திருக்கும். எதிரணிகள் வலுவில்லாததால்தான் அழைப்பு வரவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பையனிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

*

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் வந்து மூன்று நாளாகிறது. அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. முதலில் மற்றவற்றைப் பேசிவிடுகிறேன்.

எதிரணிகளின் வலு பற்றிய பேச்சை விட்டுவிடுங்கள். அந்த ஓர் அணியிலிருந்து மட்டும் ஆலி மாட்ஸன், ஜீனோ மார்க்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் என்று மூன்று பேர் அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றிருக்கிறார்கள். அணிக்காகப் பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதிக்கொடுத்த இளைஞர் பீட் ரோசெல், பிற்பாடு 1960-ல் தொழில்முறை ஃபுட்பாலை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்புக்கே ஆணையர் ஆனார். 1951-ல் கல்லூரி ஆட்டங்களில் பந்தோடு நாட்டிலேயே அதிக யார்டு ஓடியவர் மாட்ஸன், 1,566 யார்டு. ஆடிப் பார்த்து வெல்ல முடியாத அணி என்று தெரிந்துதான் ஆட வராமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது. இருந்தாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பௌல் ஆட்டம் என்பது லீக் ஜெயித்தால் தானாக வருகிற இறுதிப் போட்டி அல்ல. புத்தாண்டை ஒட்டி மயாமி, நியூ ஆர்லியன்ஸ் போன்ற ஊர்களில் நடக்கும். யாரைக் கூப்பிடுவது என்று அந்தக் காலத்தில் பெரும்பாலும் நடத்துகிறவர்கள்தான் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். ஒரு பெரியவர் தன் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பது மாதிரி. இந்த ஒப்புமையை வேண்டுமென்றேதான் சொல்கிறேன்.

அணி கடனில் ஓடிக்கொண்டிருந்தது, அழைப்பு வந்திருந்தால் பணம் வந்திருக்கும். உண்மைதான். பயிற்சியாளர் ஜோ குஹாரிச்சுக்கும் அது தெரியும், பையன்களுக்கும் தெரியும். ஆனாலும் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை என்றுதான் அந்த ஆட்டக்காரர்கள் வயதான பிறகு நினைவுகூர்ந்தார்கள். அந்த இரண்டு கறுப்பின வீரர்கள், மாட்ஸனும் பர்ல் டோலரும், இல்லாமல் போவதில்லை. அவ்வளவுதான் பேச்சு.

இனி அந்த வரி. “அந்த இருவரிடம் கேட்டிருந்தால் நீங்கள் போய் ஆடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.”

ஆமாம், சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். இந்த அணிக்குப் பதினேழு வருடம் முன்னால், 1934 அக்டோபரில், ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கும் தெற்கிலிருந்து வந்த ஜார்ஜியா டெக்குக்கும் ஆட்டம். மிச்சிகன் அணியில் வில்லிஸ் வார்ட் என்ற கறுப்பின வீரர் இருந்தார். அவர் இறங்கினால் நாங்கள் ஆட மாட்டோம் என்றது வந்த அணி. கவனியுங்கள், மிச்சிகன் தன் சொந்த ஊரில், சொந்த மைதானத்தில் ஆடுகிறது. பல்கலைக்கழகம் பணிந்துவிட்டது. வார்டின் நெருங்கிய நண்பன் அணியின் சென்டர், அதாவது வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிறவன். நான் ஆடமாட்டேன், அணியிலிருந்தே விலகுகிறேன் என்று கிளம்பினான். வார்டே அவனிடம், நீ போய் ஆடு என்றார். அவன் ஆடினான். மிச்சிகன் 9-2 என்று ஜெயித்தது. அந்த ஆண்டு எட்டு ஆட்டத்தில் அவர்கள் ஜெயித்தது அந்த ஒன்றைத்தான்.

வார்ட் சாதாரண ஆள் இல்லை. மறு ஆண்டு ஓட்டத்தில், உலகப் புகழ்பெற்ற ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸையே தோற்கடித்தவர். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு அவரும் போயிருக்க வேண்டும். ஆனால் அந்த ஆட்டத்துக்குப் பிறகு விளையாட்டில் மனம் விட்டுப்போய்விட்டது என்று அவரே பின்னாளில் சொன்னார். ஆன் ஆர்பரிலேயே உட்கார வைக்கிறார்கள் என்றால் ஹிட்லரின் ஊரில் என்ன உத்தரவாதம்? படித்து நீதிபதி ஆனார், அது வேறு. ஓட்டத்தை விட்டுவிட்டார்.

அந்த சென்டர் பையனின் பெயர் ஜெரால்டு ஃபோர்டு. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த அதே ஃபோர்டுதான். 1999-ல், தன் எண்பத்தாறாவது வயதில், கறுப்பின மாணவர்களுக்குக் கல்லூரிச் சேர்க்கையில் கவனம் தரவேண்டும் என்று வாதாடி நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் வார்டின் கதையைத்தான் சொன்னார். அறுபத்தைந்து வருடம் கழித்து! “நீ போய் ஆடு” என்ற சொல்லை வாங்கிக்கொண்டு போனவருக்கு அது அறுபத்தைந்து வருடம் ஆறவில்லை. நீங்கள் அதைக் கடிதத்தில் ஒரு வரியில் தீர்த்துவிட்டீர்கள்.

எனக்கும் ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதில்.

1983. நான் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்கு கேப்டன். இது நம் கால்பந்து, காலால் ஆடுவது. அந்த வருடம் எங்களுக்கு எல்லாமே கூடிவந்தது. மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் சுழற்கோப்பைப் போட்டி. காலையில் அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம், மறுநாள் இறுதிப் போட்டி. மதியச் சாப்பாடு போட்டியை நடத்திய பெரியவர் வீட்டில். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவனாக உள்ளே போகும்போது, “தம்பிக்கு எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். எங்கள் கோலியும் லெஃப்ட் அவுட்டும் ஊரைச் சொன்னார்கள், அப்பா பெயரைச் சொன்னார்கள். இன்னும் இரண்டு கேள்வி. அவ்வளவுதான். கூடத்தில் எங்களுக்கு வரிசையாக இலை போட்டிருந்தது. அவர்கள் இருவருக்கும் பின்கட்டில், மாட்டுத் தொழுவத்தை ஒட்டி, இரண்டு இலை.

பி.டி. சார் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோலியைப் பார்த்தேன். அவன் சிரித்தான். “நீங்க போய்ச் சாப்பிடுங்கடா, எனக்கு வயிறு சரியில்ல” என்றான்.

நான் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். நண்பரே, இதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். காலையில் பஸ்ஸில் எட்டு இட்லி தின்றவன். அவன் எதற்காகப் பொய் சொன்னான்? எனக்கு நோகக்கூடாது என்று. அவமானப்பட்டவன் அவன், ஆறுதலும் அவனே சொல்ல வேண்டியிருந்தது. கதவைச் சாத்திய பிறகு வெளியே நிற்பவனிடம் “நாங்கள் சாப்பிடலாமா” என்று கேட்டால் அவன் வேறு என்ன சொல்வான்? அவனிடம் கேட்பதே அவன் தலையில் இரண்டாவது பாரத்தை ஏற்றுவதுதான். வேண்டாம் என்று அவன் சொன்னால் பன்னிரண்டு பேர் பட்டினி கிடந்ததற்கும் கோப்பை போனதற்கும் அவன்தான் காரணம் என்று ஆகும். சரி என்று சொன்னால் நமக்கு நிம்மதி. கேள்வியே நமக்குச் சாதகமாகக் கட்டப்பட்டது. 1951-ல் அந்தப் பையன்கள் செய்த பெரிய காரியம் மறுத்தது மட்டும் இல்லை. மாட்ஸனையும் டோலரையும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்தாமல் இருந்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எங்கள் பதினான்கு பேரில் அது ஒருவனுக்கும் தோன்றவில்லை. கேப்டனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் 1-0 என்று ஜெயித்தோம். கடைசி ஐந்து நிமிடத்தில் அவன் ஒரு பெனால்டியைப் பிடித்தான். தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினோம். கோப்பையை அந்தப் பெரியவர் கையால்தான் வாங்கினேன். அடுத்த வருடம் லெஃப்ட் அவுட் பயிற்சிக்கு வந்தான், கோலி வரவில்லை. படிப்பு இருக்கிறது என்றான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இருபத்தாறு வருடம் கழித்து கொடைரோடு ரயில் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். பேத்தியைக் கையில் பிடித்திருந்தான். பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு நான் எழுந்து வந்திருக்க வேண்டும்டா என்றேன். குரல் சரியாக வரவில்லை. “அட, நான்தானே உன்னைப் போகச் சொன்னேன்” என்றான். முதுகில் தட்டினான். டீ வாங்கிக் கொடுத்தான், காசு கொடுக்க விடவில்லை. அப்போதும் என்னைத்தான் அவன் பார்த்துக்கொண்டான்.

அணி பிழைத்திருந்தால் பின்னால் வந்த கறுப்பின மாணவர்களுக்கு இடம் கிடைத்திருக்கும் என்கிறீர்கள். படித்தவர்கள் நிறையப் பேர் இப்படி அழகாக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவார்கள், எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். இரண்டு பேரைக் கழற்றிவிட்டுப் பிழைத்த அணியில், அடுத்து வருகிறவன் எந்த நம்பிக்கையில் சேர்வான்? எந்த நாளும் தன்னையும் கழற்றிவிடுவார்கள் என்று தெரிந்தா? வார்ட் ஓட்டத்தை விட்டது அதனால்தானே.

பர்ல் டோலரைப் பற்றியும் படித்திருப்பீர்கள். 1952-ல் முழங்கால் போய்விட்டது, தொழில்முறையில் ஆடவே முடியவில்லை. பள்ளி ஆசிரியர் ஆனார், உங்கள் ஊரிலேயே தலைமை ஆசிரியராக இருந்தார். 1965-ல் என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின நடுவர். இருபத்தைந்து பருவம் களத்தில் நின்று விசில் ஊதினார். 2009-ல் இறந்தார். ஆட முடியாமல் போனவர் ஆட்டத்தை விடாமல் இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு எங்கள் கோலி ஞாபகம் வரும். அவன் அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை.

பையனிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள், எங்கோ போய்விட்டேன். பணம், கடன், கணக்கு எதையும் சொல்லாதீர்கள். இந்த அணியின் சொந்த மைதானமாக இருந்த கெஸாருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள். பழைய பெரிய அரங்கை இடித்துவிட்டார்கள், இப்போது இருப்பது சின்னது, பரவாயில்லை. ஒன்பது ஆட்டம் ஜெயித்தார்கள், பத்தாவது ஆட்டத்துக்கு இரண்டு பேரை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள், யாருமே போகவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அவன் என்ன கேட்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.