ஓடும்போதே ஆஃப் ஆகுற பழைய பெட்ரோல் வண்டி: கேள்வி பதில்

மேலூர்லருந்து: அண்ணே, 96 மாருதி 800. காலைல நல்லா ஓடுது, மத்தியான வெயில்ல மாட்டுத்தாவணி சிக்னல்ல நின்னு கிளம்புனா ஆஃப் ஆயிடுது. அரைமணி கழிச்சு தானா ஸ்டார்ட் ஆகுது. பிளக், ஃபில்டர், கார்ப்பரேட்டர் கிட் எல்லாம் மாத்தியாச்சு.

தம்பி, இனிமே ஒரு சாமான் வாங்காத. சூடானா நிக்கிது ஆறுனா ஓடுதுன்னா ஒண்ணு கரண்ட் வரல, இல்ல பெட்ரோல் வரல, அது எதுன்னு வண்டி நின்ன அந்த இடத்துல பாத்தாத்தான் தெரியும், ஷெட்டுக்கு போறதுக்குள்ள ஆறிடும், அங்க போய் நல்லாத்தான் ஓடும். அதனால டிக்கில ஒரு பழைய பிளக் போட்டு வையி. நின்னவுடனே ஒரு பிளக் வயர கழட்டி அதுல மாட்டு, பிளக்கோட இரும்பு என்ஜின்ல படுற மாதிரி வச்சிட்டு (கைல பிடிக்காத) கூட இருக்கவர செல்ஃப் அடிக்க சொல்லு. பெட்ரோல் வாசனை அடிச்சா இத செய்யவே கூடாது. நீலமா பளிச்சுன்னு பொறி வந்தா கரண்ட் சரி. வரவே இல்லன்னா முதல்ல காயில (பிளக்குக்கு பெரிய வோல்டேஜ் குடுக்குறது) பாரு, உள்ள இன்சுலேஷன் போயிருந்தா சூட்டுல செத்துரும், ஆறுனா திரும்ப உயிர் வரும். பாயிண்ட் (காயிலுக்கு கரண்ட விட்டு விட்டு தர்ற பழைய சுவிட்ச்) வச்ச வண்டின்னா, அதோட இருக்க கண்டென்சரும் இதே வேலைய காட்டும். பொறி நல்லாருந்தா என்ஜின் மேல இருக்க பெட்ரோல் பம்ப், பைப்ப பாரு, நின்ன வண்டில சூடு ஏறி உள்ள பெட்ரோல் ஆவியாயிடும், பம்ப் இழுக்காது.

உசிலம்பட்டிலருந்து: கொஞ்ச தூரம் ஓடி நிக்கிது, டேங்க் மூடிய தொறந்து மூடுனா ஓடுது.

விடைய நீங்களே சொல்லிட்டீங்க. மூடில காத்து போற ஓட்டை அடைச்சிருக்கு.

திருமங்கலத்துலருந்து: எல்லாத்துக்கும் எத்தனால் பெட்ரோல்தான் காரணம், அத ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?

சொல்றேன்யா. 20 சதவீதம் எத்தனால் கலந்தது பழைய ரப்பர் பைப்பு, பம்ப் டயஃப்ரம் இதையெல்லாம் கெடுக்கும், ஈரத்த இழுக்கும், மாசக்கணக்கா நிறுத்தி வச்ச வண்டில டேங்க்ல தண்ணி சேரும். ஒத்துக்கறேன். ஆனா மேலூர் தம்பி வண்டி காலைல அதே பெட்ரோல்லதான ஓடுது?

மறுபடி அவரே: அப்ப பெட்ரோல் மேல தப்பே இல்லன்னு சொல்றீங்களா?

அப்படி எங்க சொன்னேன்? எத்தனால் தாங்குற பைப்பா மாத்துங்க, அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. ஆனா பெட்ரோல திட்டிக்கிட்டே செத்த காயிலோட சுத்துனா வண்டி நிக்கத்தான் செய்யும். நின்ன இடத்துல பாருங்க, அதத்தான் சொல்றேன்.

சோழவந்தான்லருந்து: பொலிரோ டீசல் ஆஃப் ஆகுது.

டீசல் எனக்கு கை வராது, பம்ப் கடைக்கு போங்க.

சிம்மக்கல்லுலருந்து: பழைய சான்ட்ரோ, சூடானா நிக்கிது, பிளக் மாத்தவா?

மேலூர் தம்பிக்கு சொன்னத படிங்கய்யா, மாத்தாதீங்க! இன்ஜெக்ஷன் வண்டில (கார்ப்பரேட்டர் இல்லாதது) சூடானப்ப நின்னு, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு அசையவே இல்லன்னா கிராங்க் சென்சார (என்ஜின் சுத்துறத கம்ப்யூட்டருக்கு சொல்றது) செக் பண்ணுங்க.

ஊமச்சிகுளத்துலருந்து: நத்தம் ரோட்டு பறக்கும் பாலத்துல ஆஃப் ஆயி பிரேக் கல்லு மாதிரி ஆயிடுச்சுண்ணே, பயந்துட்டேன்.

இதுதான்யா முக்கியம், எல்லாரும் படிங்க. என்ஜின் நின்னா பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிய லேசாக்குறது) என்ஜின்லருந்து வர்ற வாக்குவம், அதாவது காத்து உறிஞ்சல், வராது, மிச்சம் இருக்கது ஒண்ணு ரெண்டு மிதிக்குதான். விட்டு விட்டு மிதிக்காதீங்க, ஒரே அழுத்தா அழுத்தி ஓரம் கட்டுங்க. உருளும்போது சாவிய உருவிறாதீங்க, ஸ்டியரிங் லாக் ஆயிடும். காரணம் கண்டுபிடிக்கிற வரைக்கும் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு அந்த பாலத்துல போகாதீங்க, கீழ் ரோட்டுலயே போங்க.